டயாலிசிஸில் தண்ணீர் எடுப்பது: கட்டிலோரம் கேட்ட கேள்விகள்

மும்பையில் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே உள்ள ஓர் அறக்கட்டளை மையத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாகப் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, செம்பூர் என்று பல பக்கங்களிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ சொல்லிவிட்டுப் போனதை, நான் ஊசி குத்தும் நேரம் பார்த்து என்னிடம் தமிழில் திரும்பக் கேட்பார்கள். பத்துக் கேள்வியில் ஏழு தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே பதிலை ஒரு நாளில் நான்கு கட்டிலுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு இவற்றை எழுதி வைத்தேன். உங்களுக்கான அளவுகளை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அந்த அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

டயாலிசிஸ் என்றால் இரத்தத்தைச் சுத்தம் செய்வதுதானே தம்பி? நடுவில் இந்தத் தண்ணீர் எடுப்பது என்ன தனிக்கதை?

ஒரே பில்டருக்குள் நடக்கிற இரண்டு வேலைகள் அவை. யூரியா, பொட்டாசியம் போன்றவை இரத்தத்தில் அதிகம், வெளியே ஓடும் டயாலிசிஸ் திரவத்தில் குறைவு. ஆகவே நடுவில் உள்ள மெல்லிய சவ்வைத் தாண்டித் தாமாகவே கசிந்துவிடும், சுடுநீரில் போட்ட தேயிலைப் பையிலிருந்து சாயம் இறங்குவதுபோல. உடம்பில் தேங்கிய தண்ணீர் அப்படித் தானாக இறங்காது. அழுத்தம் கொடுத்து இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்குப் பெயர் அல்ட்ராஃபில்ட்ரேஷன். நாங்கள் யூ.எஃப். என்போம்.

யூரியா கொஞ்சம் கூடக்குறைய வெளியேறினால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியாது. தண்ணீரில் அரை லிட்டர் பிசகினால் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

குடித்ததெல்லாம் காலில் மட்டும்தான் தங்குகிறதா? எனக்குக் கால் வீங்கவில்லையே.

சுமார் 60 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் உண்டு. அதில் 24 லிட்டர் செல்களுக்குள் இருக்கிறது. மீதி 12 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்த 12 லிட்டரிலும் இரத்தக் குழாய்க்குள் ஓடும் நீர்ப்பகுதி 3 லிட்டருக்குள்தான். நீங்கள் கூடுதலாகக் குடித்தது பெரும்பாலும் குழாய்க்கு வெளியே, சதை இடுக்குகளில் போய்த் தங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிற அளவுக்குக் கால் வீங்குவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் ஏறியிருக்கும். படுத்தே இருப்பவருக்கு வீக்கம் காலில் தெரியாமல் இடுப்பின் பின்புறம் தெரியும்.

கால் வீங்கவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் முழுச் செய்தி அன்று. இரவில் மல்லாந்து படுக்க முடிகிறதா, இரண்டு தலையணை தேவைப்படுகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். உட்கார்ந்தே தூங்குகிறவருக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அவர் அடுத்த முறைக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும்.

ட்ரை வெயிட் 58 என்று என் கோப்பில் எழுதியிருக்கிறது. அது யார் வைத்த எண்?

உடம்பில் அதிகப்படித் தண்ணீர் இல்லாமல், இரத்த அழுத்தம் சரியாக, வீக்கமோ மூச்சு வாங்குவதோ இன்றி நீங்கள் இருக்கும்போது என்ன எடையோ அதுதான் ட்ரை வெயிட், உலர் எடை. இரத்தப் பரிசோதனை எதுவும் இதை நேராகச் சொல்வதில்லை. டாக்டர் ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பார், ஒவ்வொரு முறையும் கால் கிலோ, அரைக் கிலோ என்று இறக்குவார். எந்த இடத்தில் பிரஷர் சீராகி, குரக்குவலி (தசை இழுத்துக்கொள்வது) வராமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துவார். மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் ஸ்கேன் எல்லாம் துணைக்கு வரும்.

ஆக, இது கல்வெட்டு இல்லை. ஆறு மாதமாக ஒரே எண் கோப்பில் இருந்தால் நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கோபித்தாலும் கேளுங்கள்.

இன்றைக்கு இத்தனை எடுக்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

மளிகைக் கடைக் கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உங்கள் உலர் எடை 58. இன்று வந்த எடை 60.6. வித்தியாசம் 2.6 கிலோ. முடியும்போது இயந்திரத்தின் குழாயிலுள்ள இரத்தத்தை சலைன் (உப்புநீர்) விட்டு உங்களுக்கே திருப்பித் தருகிறோம். அந்த வகையில் சுமார் 250 மி.லி. உள்ளே போகும். நடுவில் ஒரு டீ குடிப்பீர்கள், 150 மி.லி. மொத்தம் 3 லிட்டர். 4 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 750 மி.லி. இயந்திரத்தில் நான் தட்டுவது 3000 என்ற எண்ணும் 4 மணி என்ற நேரமும் மட்டுமே. வேகத்தை அது கணக்கிட்டுக்கொள்ளும்.

கவனியுங்கள்: எடைமேடையில் செல்போனும் சாவிக்கொத்துமாக ஏறினால், அந்தக் கால் கிலோவையும் உங்கள் உடம்பிலிருந்துதான் எடுப்பேன்.

இயந்திரத்துக்குள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறீர்களா?

பில்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே முடியைப் போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் இருக்கும். குழலுக்குள் இரத்தம், வெளியே திரவம். இரத்தப் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் திரவப் பக்கம் குறைவாகவும் இருந்தால் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வரும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் துளையில் நுழைய முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள இந்த அழுத்த வித்தியாசம்தான் திரையில் டி.எம்.பி. என்று தெரிகிறது.

இந்த அழுத்தம் என்ற விஷயம் கைக்கு வந்தது சற்றுத் தாமதமாகத்தான். 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செய்த, மனிதருக்கு நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கைச் சிறுநீரகத்தில், செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றித் திறந்த தொட்டியில் சுழலவிட்டார்கள். யூரியா இறங்கியது. ஆனால் திறந்த தொட்டியில் அழுத்தத்தை எங்கே போய்ப் பிடிப்பது? தண்ணீரைத் திட்டமாக எடுக்க வழியில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் 1946 வாக்கில் அதே செலோஃபேனை மூடிய கலத்துக்குள் அடைத்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினார். நம் கட்டிலோரம் நிற்கும் இயந்திரத்துக்கு இரண்டு பாட்டனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் சிஸ்டர் காகிதத்தில் கணக்குப் போடுவார். இப்போது பொத்தானை அழுத்தினால் போதும் என்கிறீர்கள். எது நம்பகம்?

இப்போது உள்ளதுதான். பழைய இயந்திரங்களில் ஊழியர் அழுத்தத்தை வைப்பார், தண்ணீர் அதற்கேற்ப வரும். ஒவ்வொரு பில்டருக்கும் ஒரு கசிவு எண் உண்டு: ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு மணிக்கு இத்தனை மி.லி. தண்ணீர் விடும் என்று. அந்த எண் 5 என்றால், மணிக்கு 600 மி.லி. எடுக்க 120 அழுத்தம் வைக்க வேண்டும். கைதவறி 10 கூடிவிட்டாலும் மணிக்கு 50 மி.லி. மட்டும்தான் பிசகும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பிறகு ஹை ஃப்ளக்ஸ் பில்டர்கள் வந்தன. துளை பெரிது, கசிவு எண் 50 வரைகூடப் போகும். இப்போது அதே 10 பிசகினால் மணிக்கு அரை லிட்டர் தவறு. நீங்கள் இருமினாலே, கையை மடக்கினாலே இரத்தப் பக்க அழுத்தம் அதைவிட அதிகமாக ஆடும். எந்த சிஸ்டராலும் காகிதத்தில் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே கணக்கைத் தலைகீழாக்கினார்கள்: இயந்திரம் தண்ணீரின் அளவைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் அதற்கேற்பத் தானே ஏறி இறங்கும்.

3 லிட்டர் என்று போட்டால் 3 லிட்டரில் நிற்கிறதே, அதை எப்படி அளக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மெக்கானிக்காகவோ வெல்டராகவோ இருப்பார்.

முதலில் சிக்கலின் அளவைப் பாருங்கள். நிமிடத்துக்கு 500 மி.லி. திரவம் பில்டர் வழியாக ஓடுகிறது. 4 மணி நேரத்தில் 120 லிட்டர். உள்ளே போனது 120, வெளியே வந்தது 123 என்றால் அந்த 3 லிட்டர் உங்களுடையது. போகிறதையும் வருகிறதையும் தனித்தனியே அளந்து கழிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அளவையில் நூற்றுக்கு ஒரு பங்கு தவறினாலும் 1.2 லிட்டர் போயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியம் இருந்தால்தான் பிசகு 120 மி.லி.க்குள் நிற்கும். நல்ல ஓட்ட மானிகளை உள்ளேயும் வெளியேயும் வைத்து அப்படியே செய்கிற இயந்திரங்களும் உண்டு.

ஃபிரசீனியஸ் நிறுவனத்தின் இயந்திரங்களில் வேறு தந்திரம். கெட்டியான சிறிய அறை, நடுவே வளைந்து கொடுக்கும் ஒரு ரப்பர் தாள். தாளுக்கு இந்தப் பக்கம் புதுத் திரவம், அந்தப் பக்கம் பழைய திரவம். புதுத் திரவம் நிறையும்போது தாள் நகர்ந்து, மறுபக்கம் உள்ள பழையதை அதே அளவு வெளியேற்றும். அடுத்து, பில்டரிலிருந்து வரும் பழைய திரவம் நிறையும்போது அதே அளவு புதியது பில்டருக்குப் போகும். இப்படி இரண்டு அறைகள் மாறி மாறி வேலை செய்வதால் ஓட்டம் நிற்பதில்லை. அறையின் கொள்ளளவு மாறாது, ஆகவே போவதும் வருவதும் சமம். அளக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. இப்போது அந்த மூடிய சுற்றிலிருந்து ஒரு குட்டி பம்ப் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை வெளியே எடுக்கிறது. சுற்றில் விழுந்த அந்தக் குறையை நிரப்ப ஒரே வழி, சவ்வின் வழியாக உங்கள் இரத்தத்திலிருந்து வருவது. அந்தக் குட்டி பம்ப் எடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான் உங்களிடமிருந்து போனது. 120 லிட்டரை அளக்க வேண்டிய இடத்தில் 3 லிட்டரை மட்டும் அளந்தால் போதும் என்று ஆக்கியவர் யாரோ, கணக்கில் சூரர்.

காலையில் 'இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை' என்று நீங்கள் முணுமுணுக்கும் நேரத்தில், இந்தச் சுற்று எங்கும் ஒழுகவில்லை என்பதை இயந்திரம் தானே அழுத்தம் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருக்கிறது. அவசரப்படுத்தாதீர்கள்.

இயந்திரம் 3 லிட்டர் எடுத்தேன் என்கிறது, எடைமேடை 2.2 கிலோ குறைந்தது என்கிறது. யார் பொய்?

பெரும்பாலும் இருவருமே இல்லை. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: திருப்பி விட்ட சலைன் 250. டீ, இரண்டு இட்லி, கூடவே கிண்ணச் சாம்பார், மாத்திரைக்குத் தண்ணீர் என்று 400 போயிருக்கும். நடுவில் பிரஷர் இறங்கியதால் 150 சலைன் கொடுத்தோம். கூட்டினால் அந்த 800 கிடைத்துவிட்டது. இது தவிர வரும்போது ஒரு மேடை, போகும்போது வேறு மேடை என்று ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒருவருக்கு மட்டும் எடை ஒத்துவராவிட்டால் ஆளைப் பார்ப்பேன். அதே இயந்திரத்தில் அடுத்தடுத்து மூன்று பேருக்கு ஒத்துவராவிட்டால் இன்ஜினியரை அழைப்பேன். இன்னொன்று: இயந்திரத்தின் அடியில் தரையில் ஈரம் கண்டால் உடனே சொல்லுங்கள். மூடிய சுற்றில் ஒழுக்கு இருந்தால், ஒழுகிய அளவும் உங்கள் இரத்தத்திலிருந்து ஈடாகப் போய்க்கொண்டிருக்கும், திரையில் அது தெரியாது.

4 மணி நேரம் எதற்கு? வேகத்தைக் கூட்டி 3 மணியில் முடித்தால் 6.10 லோக்கல் ரயிலைப் பிடித்துவிடுவேன்.

இயந்திரத்தால் முடியும். உங்கள் உடம்பால்தான் முடியாது. நாங்கள் தண்ணீர் எடுப்பது குழாய்க்குள் உள்ள அந்த 3 லிட்டரிலிருந்து. வீக்கமாக நிற்பதோ குழாய்க்கு வெளியே. வெளியே இருப்பது மெல்ல உள்ளே ஊறி வந்து குறையை நிரப்ப வேண்டும். கிணற்றில் ஊற்று சுரக்கிற வேகத்துக்கு மேல் இறைத்தால் வாளி சேற்றைத் தொடும். ஊரில் கிணறு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மி.லி. என்பதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சொல்வார்கள். அதற்கு மேல் வேகமாக எடுத்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 58 கிலோவுக்கு அது மணிக்கு 754 மி.லி. உங்கள் 3 லிட்டர் 4 மணியில் மயிரிழையில் உள்ளே அடங்குகிறது. 3 மணியில் என்றால் கிலோவுக்கு 17ஐத் தாண்டும். வேக வேகமாக இறைக்கும்போது இதயத் தசையின் சில பகுதிகள் சற்று நேரம் சரியாகச் சுருங்காமல் மந்தமாவதை எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அப்படி ஆனால் இதயம் பலவீனமாகும். 6.10ஐ விட்டால் அடுத்த லோக்கல் வரும்.

நான் வாரம் இரண்டு முறைதான் வருகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு அவதியா?

ஒரு பங்கு காரணம் அதுதான். மூன்று முறை வருகிறவர் இரண்டு நாள் தண்ணீரைக் கொண்டுவருகிறார், நீங்கள் மூன்று நான்கு நாள் தண்ணீரைக் கொண்டுவருகிறீர்கள். கிணறு அதே, இறைக்க வேண்டியது இரட்டிப்பு. செலவுக்காக முறையைக் குறைத்திருந்தால், அரசுத் திட்டங்களில் டயாலிசிஸ் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம் இங்கே இருக்கிறது, 2016இல் அறிவித்த பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் இருக்கிறது. காகித வேலைக்கு மையத்தின் சமூகப் பணியாளரைப் பாருங்கள்.

கடைசி மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, கண் இருட்டுகிறது. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கண் இருட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும். திரும்பத் திரும்பக் கொட்டாவி, காரணமில்லாமல் எரிச்சல், நெற்றியில் வியர்வை, திடீரென்று 'கழிப்பறை போக வேண்டும்' என்பது எல்லாம் பிரஷர் இறங்குவதன் முன்னறிவிப்பு. தொந்தரவு தர வேண்டாமென்று வாய்மூடிக் கிடக்கிற அண்ணாச்சிகளைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். முதலில் யூ.எஃப்.பை நிறுத்துவேன், தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவேன், தேவைப்பட்டால் 100 முதல் 200 மி.லி. சலைன் விடுவேன். குரக்குவலிக்குப் பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கி நீட்டிவிட்டால் பெரும்பாலும் இளகும்.

அதன்பின் என்ன என்பதுதான் முக்கியம். நிறுத்திய அரை மணி நேரத்தின் தண்ணீரைக் கடைசி மணியில் வேகம் கூட்டிப் பிடுங்குவது பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. அரை மணி நேரம் நீட்டிக்கலாம், அல்லது டாக்டரிடம் சொல்லி அரைக் கிலோவை அடுத்த முறைக்கு விட்டுவைக்கலாம். ஒவ்வொரு முறையும் கடைசியில் இழுத்துக்கொண்டால், உலர் எடை உங்களுக்குக் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம்.

நடுவில் சாப்பிடக் கூடாது என்கிறீர்கள். வீட்டிலிருந்து ஆசையாக இட்லி கட்டிக்கொடுத்திருக்கிறாள்.

வயிறு நிறைந்ததும் செரிமானத்துக்காக இரத்தம் குடல் பக்கம் திரும்புகிறது. இங்கே நான் இறைத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே குடல் பங்கு கேட்கிறது, மூளைக்குப் போவது குறைகிறது. பிரஷர் நிலையாக இருப்பவர் சிறிது சாப்பிடலாம். அடிக்கடி இறங்குகிறவர் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டு வரட்டும், மீதியைப் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் பட்டினியாக வரவே கூடாது. சர்க்கரை இறங்கினாலும் வியர்க்கும், அதைப் பிரஷர் என்று நினைத்து ஏமாந்துபோவோம்.

பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா?

மாத்திரைக்கு மாத்திரை, ஆளுக்கு ஆள் மாறும். டாக்டரிடம் பெயர்வாரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்குக் குளிர்கிறது, சூட்டை ஏற்றுங்கள் என்றால் போர்வையைத் தருகிறீர்கள். ஏன்?

திரவத்தின் சூட்டை 37இலிருந்து 36க்கோ அதற்குச் சற்றுக் கீழோ வேண்டுமென்றே இறக்கியிருக்கிறோம். லேசான குளிரில் தோலுக்கு அடியிலுள்ள குழாய்கள் சுருங்கும், பிரஷர் தாங்கும். மருந்தில்லாமல், செலவில்லாமல் கிடைக்கிற உதவி இது. போர்வை எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏதோ 'ப்ரொஃபைல்' போடுகிறீர்கள். எனக்கு ஏன் இல்லை?

இரண்டு வகை உண்டு. யூ.எஃப். ப்ரொஃபைல் என்றால் முதல் மணி நேரங்களில் அதிகமாகவும் போகப் போகக் குறைவாகவும் எடுப்பது. ஆரம்பத்தில் உடம்பில் நீர் நிறைய இருக்கிறது, ஊற்றும் நன்றாகச் சுரக்கும். சிலருக்கு இது ஒத்துக்கொள்கிறது.

சோடியம் ப்ரொஃபைல் வேறு. திரவத்தில் உப்பை முதலில் ஏற்றி வைத்துப் படிப்படியாக இறக்குவார்கள். உப்பு கூடும்போது செல்களுக்குள்ளிருந்து நீர் குழாய்க்கு வரும், பிரஷர் நிற்கும், அன்றைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த உப்பில் கொஞ்சம் உடம்பிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் தாகம், அடுத்த முறை அரைக் கிலோ கூடுதல், அதை எடுக்க மறுபடி ப்ரொஃபைல். கந்துவட்டிக் கடன் மாதிரி. டாக்டர் உங்களுக்கு அதைப் போடவில்லை என்றால் வருந்த வேண்டாம்.

மூச்சு வாங்கி வந்த அன்று, முதல் ஒரு மணி நேரம் 'தண்ணீர் மட்டும்' என்றீர்கள். அதை 4 மணியில் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த ஒரு மணியில் டயாலிசிஸ் திரவம் பில்டருக்குப் போவதில்லை, அழுத்தத்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. யூரியா சட்டென்று குறையாததாலும் உடம்பு சற்றுக் குளிர்வதாலும் பிரஷர் நன்றாகத் தாங்கும். ஆனால் முதல் பதிலில் சொன்ன தேயிலைப் பை வேலை அப்போது நடப்பதில்லை. பொட்டாசியம் அப்படியே இருக்கும். சுத்தம் செய்யும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டி.எம்.பி. அலாரம் அடித்தால் பயமாக இருக்கிறது. பில்டர் கிழிந்துவிட்டதா?

கிழிந்தால் வருவது வேறு அலாரம், இரத்தக் கசிவு அலாரம். டி.எம்.பி. ஏறுவது, அதே அளவு தண்ணீரை எடுக்க இயந்திரம் முன்பைவிட அதிகம் சிரமப்படுகிறது என்பதன் அடையாளம். குழாய் மடங்கியிருக்கலாம். அல்லது நுண்குழல்களில் இரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம், உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து போதாமல்.

கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பில்டரில் இது அடிக்கடி வரும். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் குழல்களின் கொள்ளளவை அளந்து எழுத வேண்டும். புதிதாக இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வீசிவிட வேண்டும். உங்கள் பில்டரில் உங்கள் பெயரும் எத்தனையாவது முறை என்பதும் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

எடை ஏறாமல் வந்திருக்கிறேன். யூ.எஃப். பூஜ்யம் வைத்தால் சவ்வின் வழியாக ஒன்றும் நடக்காது, சரிதானே?

கூட்டிக் கழித்தால் பூஜ்யம். உள்ளே போக்குவரத்து உண்டு. ஹை ஃப்ளக்ஸ் பில்டரில் இரத்தம் நுழையும் முனையில் அழுத்தம் அதிகம், அங்கே தண்ணீர் வெளியே போகும். வெளியேறும் முனைக்கு அருகில் அழுத்தம் குறைவு, அங்கே டயாலிசிஸ் திரவம் இரத்தத்துக்குள் திரும்பி வரும். இயந்திரம் இரண்டையும் சமமாக்கிவிடுகிறது. அந்தத் திரவம் செய்யும் ஆர்.ஓ. தண்ணீர் அசுத்தமாக இருந்தால் குளிர்காய்ச்சல் வருவது இப்படித்தான். எந்த மையத்துக்குப் போனாலும் தண்ணீர்ப் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

குடிப்பதை எவ்வளவோ குறைத்துவிட்டேன், ஆனாலும் மூன்று கிலோ ஏறுகிறது. எங்கே தப்பு?

உப்பில். ஏறக்குறைய 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும். தாகத்தை அடக்கு என்று சொல்வது சுலபம், உப்பைத் தின்றுவிட்டு அடக்குவது யாராலும் ஆகாது. அப்பளம், வடுமாங்காய், கருவாட்டுக் குழம்பு, ஸ்டேஷனில் வடாபாவும் அதன் பக்கத்தில் உப்புத் தூவி வைக்கும் வறுத்த மிளகாயும் எல்லாம் கணக்கில் வரும். நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள், சமையல் முழுவதையும் சேர்த்து. ரசம், மோர், கஞ்சி ஆகியவையும் தண்ணீர்தான். சர்க்கரை ஏறி நின்றாலும் தாகம் எடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும், உங்களுக்கு அது விஷம். இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை இல்லை.

மழையில் லோக்கல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெருமழை எச்சரிக்கை வந்தால் முந்தைய நாளே வர முடியுமா என்று மையத்துக்குப் போன் செய்யுங்கள். அகப்பட்டுக்கொண்டால் உப்பை அறவே நிறுத்துங்கள், தண்ணீரைப் பாதியாக்குங்கள், பழமும் இளநீரும் வேண்டாம். ஒரு முறை தவறியபின் வரும்போது மொத்தத்தையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லாதீர்கள். 13 மி.லி. கணக்கு மழைக்காக மாறாது. அடுத்தடுத்த நாள்களில் இரண்டு முறையாகப் பிரித்து எடுப்போம்.

ட்ரை வெயிட்டுக்குச் சரியாக இறங்கிவிட்டேன். அப்புறமும் மூச்சு வாங்குகிறது. எப்படி?

சென்ற ஆண்டு ஓர் அக்கா மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்திருந்தார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு முறையும் 52க்குச் சரியாக இறக்கி அனுப்பினோம், பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சாப்பாடு இறங்காமல் அவருக்குச் சதை இரண்டு கிலோ கரைந்திருந்தது. அந்த இரண்டு கிலோவின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. எடைமேடைக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான். வளையல் கழன்று விழுகிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதால்தான் எங்களுக்கு உறைத்தது. டாக்டர் 50க்கு இறக்கினார்.

மறுபக்கமும் நடக்கும். பசி திரும்பி நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டவருக்குப் பழைய எண்ணிலேயே எடுத்தால், இல்லாத தண்ணீரை இறைக்கிறோம் என்று பொருள். குரக்குவலி அப்போது வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆபரேஷன், நல்ல பசி எதுவானாலும் வந்ததும் சொல்லுங்கள்.

புது இயந்திரங்களில் இரத்த அளவைக் காட்டும் கருவி இருக்கிறதாமே. அது தானாகவே முடிவு செய்துவிடாதா?

தண்ணீர் வெளியேற வெளியேற இரத்தம் அடர்த்தியாகும். ஒளியையோ ஒலியலையையோ பாய்ச்சி அந்த அடர்த்தியைத் தொடர்ந்து பார்க்கும் கருவி அது. கோடு செங்குத்தாகச் சரிந்தால் ஊற்று பின்தங்குகிறது என்று தெரியும், சில இயந்திரங்கள் வேகத்தைத் தாமே குறைக்கும். கை காலில் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்தி, உடம்பில் அதிகப்படி நீர் எவ்வளவு என்று மதிப்பிடும் கருவியும் உண்டு. இரண்டும் நல்ல துணை. ஆனால் இரத்த அளவுக் கோடு வேகத்தைப் பற்றித்தான் சொல்லும், எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. இயந்திரம் எடுப்பதில் கெட்டி. எவ்வளவு எடுப்பது என்பதற்கு அந்த அக்காவின் வளையல்தான் எங்களுக்கு வழிகாட்டியது.

எனக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது. அதைக் கணக்கில் சேர்க்கிறீர்களா?

சேர்க்க வேண்டும், பல மையங்களில் யாரும் கேட்பதே இல்லை. நாளுக்கு 400 மி.லி. போனால்கூட அந்த அளவு நான் இறைக்க வேண்டியதில்லை. நீங்கள் குடிக்கக்கூடிய அளவும் அதற்கேற்பக் கூடும்: போகிற சிறுநீர், அதற்கு மேல் சுமார் அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு. வேகமாக இறைத்து அடிக்கடி பிரஷர் இறங்கினால், மிச்சமிருக்கிற அந்தச் சிறுநீரகமும் இரத்தம் கிடைக்காமல் வாடி நின்றுவிடும். 3 மணியில் முடிக்கச் சொன்னவர் இதையும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள். அதன்பின் மறுநாள் காலை வரை போகிற எல்லாவற்றையும், திங்கள் முதல் சிறுநீர் உட்பட, ஒரு பெரிய பாட்டிலில் சேர்த்து அளந்து பாருங்கள். பாட்டிலைக் கொண்டுவர வேண்டாம், லோக்கலில் கூட்டம் அதிகம். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.